பிக்கப் வண்டிக்கு வீல்: வாங்கும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பிக்கப் வண்டி படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. களக்காட்டில் வாழைத்தார், மானூரில் உளுந்து மூட்டை, உவரியில் மீன் பெட்டி. டபுள் கேபின் வண்டியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குற்றாலமும் போய்வர வேண்டும். ஆனால் வீல் மாற்றப் போகும்போது மட்டும் வண்டி எவ்வளவு சுமக்கிறது, எந்த ரோட்டில் ஓடுகிறது என்பதெல்லாம் மறந்துவிடும். கடையில் மாட்டியிருக்கும் டிசைன்தான் கண்ணில் நிற்கும்.

முதல் தவறு, போல்ட்டை எண்ணிப் பார்த்து வாங்குவது. வண்டியில் ஆறு, டயர் மாட்டும் வீல் டிஸ்க்கில் ஆறு ஓட்டை, அப்புறம் என்ன என்று நினைக்கிறோம். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் இரண்டு பிக்கப்புக்கும் ஆறு போல்ட்தான். போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டமும் இரண்டிலும் 139.7 மி.மீ. அதனால் பழைய டொயோட்டா ஃபார்ச்சூனர் டிஸ்க் வி-கிராஸில் அழகாக ஏறிவிடும். ஆனால் டொயோட்டா டிஸ்க்கின் நடு ஓட்டை சுமார் 106 மி.மீ., அதற்குள் நுழைந்து டிஸ்க்கைத் தாங்கும் வி-கிராஸின் ஹப் சுமார் 100 மி.மீ.தான். ஹப்பில் உட்கார வேண்டிய டிஸ்க் அந்த இடைவெளியால் நட்டுகளை மட்டும் நம்பி நிற்கும். ஒரு பக்கம் நட்டை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் டிஸ்க் நடுவில் நிற்காது, வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் உதறும். அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் என்ற வளையத்தைச் சரியான அளவில் போட்டால் இது தீர்ந்துவிடும். விலை பெரிதாக ஒன்றும் இல்லை, கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் டிஸ்க்கில் இன்னொரு பொறி உண்டு. அமெரிக்காவின் பெரிய பிக்கப்பான ஃபோர்டு எஃப்-150-க்கும் 2004-இலிருந்து ஆறு போல்ட்தான், ஆனால் அந்த வட்டம் 135 மி.மீ. வித்தியாசம் 5 மி.மீ. கூட இல்லை. “லேசா தட்டுனா ஏறிரும் அண்ணாச்சி” என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

டயர் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது கம்பீரம் என்று ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற தடிப்பான தட்டு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வீல் வெளியே தள்ளத் தள்ள பேரிங்குக்கும் போல்ட்டுக்கும்தான் வேலை கூடும். போதாததற்கு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது கேள்வி வரும்.

எடைக் கணக்கை யாரும் போடுவதில்லை. 255/60 ஆர் 18 என்பது போன்ற அளவுக்குப் பக்கத்தில் டயரில் இன்னொரு எண் இருக்கும், அதுதான் லோடு இண்டெக்ஸ். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ. ஒன்றரை டன் ஏற்றும் வண்டியில் லோடோடு பின் அச்சில் மட்டும் இரண்டு டன் உட்கார்ந்துவிடும். அங்கே 104 போட்ட இரண்டு டயர் 1,800 கிலோதான் தாங்கும். அளவு ஒன்றுதானே என்று கார் டயரை வாங்கி மாட்டுவது இப்படித்தான் வெடிப்பில் முடிகிறது. டிஸ்க்குக்கும் இதே கணக்கு உண்டு, எவ்வளவு தாங்கும் என்பதை அதன் பின்பக்கம் தேடிப் பாருங்கள். ஜப்பானியத் தர முத்திரையில் ஜேடபிள்யூஎல் என்றால் காருக்கு, ஜேடபிள்யூஎல்-டி என்றால் டிரக்குக்கு. ஒரு எண்ணும் இல்லாத மலிவு அலாய் (அலுமினியக் கலவை) டிஸ்க்கை லோடு வண்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அலாயா, இரும்பா என்றால், தினமும் லோடு ஏற்றுகிறவர்களுக்கு என் ஓட்டு இரும்புக்குத்தான். மாஞ்சோலை ரோட்டில் கல்லில் மோதினால் இரும்பு டிஸ்க் பெரும்பாலும் நெளியும், அலாய் விரிசல் விட்டுவிடும். விரிசலுக்கு வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பார்கள். அந்த டிஸ்க்கை எடைக்குப் போட்டுவிடுவதே நல்லது.

இனி நட்டு. இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். நட்டு உட்காரும் பக்கம் கூம்பாகவும் இருக்கும், உருண்டையாகவும் இருக்கும், வாஷரோடு தட்டையாகவும் இருக்கும். இரும்பு டிஸ்க்கின் நட்டை அப்படியே அலாய்க்குப் போட்டால் முறுக்கியது போலத் தெரியும், பிடி இருக்காது. ஏர் கன்னால் அடித்து முறுக்கிவிட்டு அப்படியே அனுப்பும் கடைகளில், ஜாக்கி இறங்கிய பிறகு முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று போல்ட்டில் கிரீஸ் தடவுவதும் தப்பு. வழுக்குவதால் அதே முறுக்கில் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும்.

எஃப்சி-க்குப் போகும் முன் டிஸ்க் முழுக்க சில்வர் பெயின்ட் அடிப்பது நம் ஊர் வழக்கம். அடிக்கட்டும், ஆனால் நட்டு உட்காரும் குழியிலும் ஹப்பில் ஒட்டும் பின்முகத்திலும் தடிப்பாக அடிக்கக் கூடாது. ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கி நட்டு இளகிவிடும். நட்டின் அடியிலிருந்து மெல்லிசாக ஒரு செம்பழுப்புக் கோடு டிஸ்க்கில் வெளிநோக்கி ஓடியிருந்தால் அதை அழுக்கு என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்த நட்டு ஆடிக்கொண்டிருக்கலாம். கழற்றி, ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா, சுற்றிலும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் வயலுக்குள் இறங்கி ஏறிய வண்டி, மறுநாள் நான்குவழிச் சாலையில் 80-ஐத் தொட்டதும் நடுங்கும். உடனே வீலின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைக்கு ஓடுவார்கள். டிஸ்க்கின் உள்பக்கம் குனிந்து பார்த்தால் விஷயம் தெரியும், கரிசல் அப்பிக் காய்ந்து செங்கல் மாதிரி நிற்கும். வீல் சுற்றும்போது எடை சமமாக இருக்கச் செய்யும் பேலன்சிங்கில் ஒட்டுவதே ஐந்து, பத்து கிராம் வெயிட்தான். ஒரு கைப்பிடி மண் எத்தனை கிராம்? குச்சியால் சுரண்டி, தண்ணீர் பீய்ச்சி அடித்தால் போதும். அதற்குப் பிறகும் நடுங்கினால் பேலன்சிங் பாருங்கள். அலைன்மென்ட் என்பது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால்.

காற்றைக் காலையில், டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் நாங்குநேரி தாண்டி நிறுத்தி, டயர் சுடுகிறது என்று காற்றை இறக்குவது ஆபத்து. காற்று குறைந்த டயர் இன்னும் நெளியும், இன்னும் சூடேறும். டயரின் ஓரத்தில் போட்டிருப்பது உச்ச அளவு, நிரப்ப வேண்டிய அளவு கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கிறது. நைட்ரஜனா சாதாக் காற்றா என்பது பெரிய விஷயமே இல்லை.

உவரி, இடிந்தகரை பக்கம் ஓடும் வண்டிகளுக்கு உப்புதான் எதிரி. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் பின் வீலில்தான் வடியும். டியூப்லெஸ் டயர் கவ்வும் விளிம்பை உப்பு அரித்துவிட்டால், ஆணியே ஏறாமல் தினம் கொஞ்சம் காற்று இறங்கும். இறக்கிவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

அலாய் மாற்றியவர்கள் ஸ்டெப்னியை நினைப்பதே இல்லை. அது இன்னும் இரும்பு டிஸ்க்தான், புது நட்டு அதற்குச் சேராமல் போகலாம். பழைய நட்டு ஒரு செட்டைச் சாமான் பெட்டியில் போட்டு வையுங்கள். பாடிக்கு அடியில் ஸ்டெப்னியைத் தூக்கி நிறுத்தும் செயின் துருப்பிடித்து இறுகிவிடும். மாதம் ஒருமுறை இறக்கி, எண்ணெய் விட்டு, காற்றும் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.