வாம்பைராவின் புகழை அளப்பது எப்படி? பழைய செய்தித்தாள்களில் தேடத் தொடங்குபவர்களுக்கு

1954 மே 1, சனிக்கிழமை நள்ளிரவு. லாஸ் ஏஞ்சல்ஸில் ஏழாம் சானல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் புகை மூட்டத்துக்குள்ளிருந்து கறுப்பு உடையில் ஒரு பெண் நடந்து வந்தாள். கேமராவின் அருகே நின்று வீறிட்டு அலறினாள். அலறி முடித்ததும், தலைவலி தீர்ந்தவளைப்போல் ஒரு நிம்மதி முகத்தில். பிறகு, யாரும் சீந்தாத பழைய திகில் படம் ஒன்றை ஓடவிட்டு, நடுநடுவே அதைக் கேலி செய்தாள். இப்படித்தான் தொடங்கியது வாம்பைரா நிகழ்ச்சி. அந்த வேடத்தில் இருந்தவர் மைலா நூர்மி.

நேரலையாகப் போன அந்த நிகழ்ச்சியில் இன்று எஞ்சியிருப்பது சில நிமிடக் காட்சிகள்தான். ஆகவே அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்துகொள்ளச் செய்தித்தாள்களைத்தான் புரட்ட வேண்டும்.

1. பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

வாம்பைரா, மைலா நூர்மி என்ற இரண்டு பெயர்களோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கால அமெரிக்கப் பத்திரிகைகள் மணமான பெண்ணைக் கணவர் பெயரால் குறிப்பிடுவதுண்டு; எனவே கணவர் டீன் ரைஸ்னரின் பெயரையும் தேடுங்கள். அவர் திரைக்கதை எழுத்தாளர். 1953இல் நடன அமைப்பாளர் லெஸ்டர் ஹார்ட்டன் நடத்திய மாறுவேட விருந்தில் மைலாவைப் பார்த்துவிட்டு, பிறகு தேடிப்பிடித்து வேலை கொடுத்த தயாரிப்பாளர் ஹன்ட் ஸ்ட்ராம்பெர்க் ஜூனியர் நான்காவது பெயர். ஏழாம் சானலை ஒளிபரப்பிய நிலையத்தின் பெயரிலும் கவனம் தேவை: 1954 பிப்ரவரியில்தான் அது கே.ஏ.பி.சி. ஆனது, அதற்கு முன்பு கே.இ.சி.ஏ.

2. இலவசத் தொகுப்புகளில் தொடங்குங்கள்

கலிபோர்னியா டிஜிட்டல் செய்தித்தாள் தொகுப்பு இணையத்தில் இலவசம். அதில் சான் பெர்னார்டினோ சன் நாளிதழைத் திறங்கள். லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள ஊர் என்பதால், லாஸ் ஏஞ்சல்ஸ் சானல்கள் அங்கே உள்ளூர்ச் சானல்கள் மாதிரி. அமெரிக்கா முழுக்க விற்ற லைஃப் என்ற படச் செய்தி இதழின் பழைய பிரதிகள் கூகுள் புக்ஸில் முழுமையாகக் கிடைக்கின்றன. கட்டணத் தளங்களுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். என்ன தேடுகிறோம் என்று தெளிந்த பிறகு ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதும்.

3. கட்டுரைகளுக்கு முன் நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேராகப் படம் போட்ட பெரிய கட்டுரைக்குப் போய்விடுகிறார்கள். நான் சொல்வது, பொடி எழுத்தில் ஒற்றை வரியாக வரும் தொலைக்காட்சி நிரலிலிருந்து தொடங்குங்கள் என்பது. சனிக்கிழமைப் பக்கங்களை வாரம் வாரமாகப் பாருங்கள். முதல் நான்கு வாரம் நள்ளிரவு 12 மணி. மே 29 முதல் இரவு 11. 1955 மார்ச்சில் 10.30. யாரும் விழித்திருக்காத நேரத்தில் தள்ளிவிடப்பட்ட நிகழ்ச்சியை நிலையம் மெல்ல மெல்ல முன்னுக்கு இழுக்கிறது. கட்டுரை எழுதுபவர் மிகைப்படுத்தலாம். நிரல் அச்சிடுபவருக்கு அதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. பிறகு, 1955இலேயே அந்த வரி காணாமல் போகும். அந்த வாரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. தேடல் பெட்டியை நம்பாதீர்கள்

பக்கத்தைப் படம் பிடித்து எழுத்துகளை அடையாளம் காண்பது மென்பொருள். மங்கிய அச்சில் அது தடுமாறும். சொல் வரி முடிவில் உடைந்து பாதி அடுத்த வரிக்குப் போயிருந்தால் பல நேரம் சிக்காது. பத்திரிகைக்காரர்களே பெயரைத் தப்பாக எழுதுவதும் உண்டு. பிலடெல்பியாவில் 1957இல் ரோலண்ட் என்ற பெயரில் இதே தொழிலுக்கு வந்து, அடுத்த ஆண்டு நியூயார்க்குக்குப் போன ஜான் சாக்கர்லியைத் தேடினால் இந்தத் தொல்லை இரட்டிப்பு: சொந்தப் பெயரில் இல்லாத 'ஒய்' எழுத்து மேடைப் பெயரின் கடைசியில் உண்டு. எதுவும் கிடைக்காவிட்டால், தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

5. ஒரே செய்தியைப் பத்து முறை எண்ணாதீர்கள்

இதில் நான் நன்றாக ஏமாந்தேன். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து 23 ஊர்களின் துணுக்குகளைச் சேர்த்து, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் வரிசையாகப் படித்தால், இருந்தது மூன்றே செய்திகள். ஏ.பி., யு.பி. போன்ற செய்தி நிறுவனங்கள் ஒரு செய்தியை நாடு முழுக்க அனுப்பும். ஒவ்வொரு ஊரிலும் ஆசிரியர் புதுத் தலைப்பு வைப்பார், இடத்துக்கு ஏற்ப வாலை வெட்டிவிடுவார். எனவே தலைப்பை விட்டுவிட்டு, முதல் இரண்டு பத்திகளை ஒப்பிடுங்கள். வார்த்தை மாறாமல் இருந்தால் அது ஒரே செய்தி.

ஆனாலும் அந்த 23 துணுக்குகளையும் தூக்கி எறியாதீர்கள். ஏழாம் சானலின் அலை லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தைத் தாண்டாது. வெளி மாநிலத்துப் பத்திரிகையில் அவரைப் பற்றிப் படித்தவர் நிகழ்ச்சியை ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க முடியாது. தொடங்கி ஆறே வாரத்தில், ஜூன் 14 தேதியிட்ட லைஃப் இதழில் படங்களோடு வந்துவிட்டார். பார்க்காதவர்களிடையே பரவிய இந்தப் புகழை என்னவென்று சொல்வது? எனக்கு இதுதான் இந்தத் தேடலிலேயே சுவையான இடம்.

6. நிகழ்ச்சி நின்ற பிறகும் தேடுங்கள்

1955 செப்டம்பர் 30இல் ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் விபத்தில் இறந்தார். மைலா அவருடைய தோழி என்பதால் மைலாவின் பெயர் கிசுகிசுக்களில் அடிபட்டது. இவற்றை நிகழ்ச்சியின் கணக்கில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். 1980களின் இறுதியைத் தேடினால் இன்னொரு கொத்து கிடைக்கும்: 1980களில் தொலைக்காட்சியில் இதேபோல் திகில் படங்களைத் தொகுத்து வழங்கிய எல்வைராவின் வேடம் தன்னுடையதைப் பார்த்து எடுத்தது என்று மைலா தொடுத்த வழக்கு. அதில் அவர் வெல்லவில்லை.

7. அட்டவணை போடுங்கள்

தேதி, பத்திரிகை, பக்க எண், எந்தச் செய்தியின் பிரதி. கடைசியாக ஒரு கட்டம்: அந்த ஊரில் ஏழாம் சானல் தெரியுமா, தெரியாதா? என் தாளில் 'தெரியாது' என்ற பக்கம் நிரம்பிப்போய், பின்பக்கம் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.