சக்கர நாற்காலியில் தி.நகர்: அளவெடுத்துக்கொண்டு கிளம்புங்கள்

சென்னையில் எந்தத் துணிக்கடைக்குப் போன் செய்து "வீல்சேர் உள்ளே வருமா?" என்று கேட்டாலும் "தாராளமா வரலாம் சார், லிஃப்ட் இருக்கு" என்றுதான் பதில் வரும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. லிஃப்ட் இருக்கிறது. அதற்கு முன்னால் மூன்று படி இருப்பது, தினமும் அதில் ஏறி இறங்குகிறவர் நினைவில் நிற்பதில்லை. ஆகவே ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்காதீர்கள். எண்ணிக்கை கேளுங்கள்: வாசலில் எத்தனை படி? லிஃப்டுக்கு முன்னால் படி உண்டா? லிஃப்ட் கதவு எவ்வளவு அகலம்? தெரியவில்லை என்றால், வாசலையும் லிஃப்டையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அதற்கு முன் உங்கள் நாற்காலியின் அளவு உங்களுக்குத் தெரிய வேண்டும். பெரிய சக்கரத்தைத் தள்ளப் பிடிக்கும் கைவளையத்தின் வெளி விளிம்பிலிருந்து மறுபக்கக் கைவளையத்தின் வெளி விளிம்பு வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். சாதாரண மடக்கு நாற்காலிகள் பெரும்பாலும் 60 முதல் 68 செ.மீ. வரை இருக்கும். நீங்களே தள்ளிப் போவதானால் விரல் முட்டிக்கு இருபுறமும் 5 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்காலி 65 செ.மீ.க்குள் இருந்தால் 75 செ.மீ. கதவில் உரசாமல் போகலாம், 90 இருந்தால் நிம்மதி. அடுத்து நீளம்: கால் விரல் நுனியிலிருந்து பின்சக்கரத்தின் கடைசி வரை. இது 105 முதல் 120 செ.மீ. வரை வரும். லிஃப்டின் உள் ஆழம் இதைவிடக் குறைவாக இருந்தால், கதவு எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை. மூன்றாவது அளவு, இடம் மாறாமல் முழுதாகத் திரும்பத் தேவையான வட்டம். பொதுவாக 150 செ.மீ. இந்த மூன்றையும் போனில் குறித்து வையுங்கள்.

சாய்தளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். 15 செ.மீ. உயரமுள்ள ஒரே படிக்கு 1.8 மீட்டர் சாய்தளம் வேண்டும். மூன்று படிக்கு 5.4 மீட்டர். கடை வாசலில் முக்கால் மீட்டர் தகரத்தைப் படிமேல் சாய்த்துவிட்டு "ரேம்ப் போட்டாச்சு" என்றால், அது ஐந்துக்கு ஒன்று சரிவு. யாரும் பிடிக்காமல் அதில் ஏறினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். அப்படிப்பட்ட சரிவில் இறங்க வேண்டியிருந்தால் முகத்தைக் கடைப் பக்கம் வைத்து, பின்னோக்கி இறங்குங்கள். உதவியாளர் கீழே நின்று கைப்பிடியைத் தன் உடம்போடு சேர்த்துத் தாங்க வேண்டும்.

படியில் தூக்குவதுதான் விபத்து அதிகம் நடக்கும் இடம். காவலாளியும் விற்பனையாளர்களும் நல்ல மனதோடு ஓடிவந்து, ஆளுக்கொரு மூலையைப் பிடிப்பார்கள். பாதிப் படியில் கைதாங்கி தனியாகக் கையோடு வந்துவிடும். யாரும் தொடுவதற்கு முன்பே "ஒரு நிமிஷம், நான் சொல்றபடி பிடிங்க" என்று உரக்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு படி என்றால், நாற்காலியைப் படியைப் பார்த்து நிறுத்தி, பிரேக் போடாமல், பின்னால் இருப்பவர், நாற்காலியின் பின்பக்கம் கீழே நீட்டியிருக்கும் குழாயைக் காலால் மிதித்து முன்சக்கரங்களைத் தூக்கிப் படிமேல் வைக்க வேண்டும். பிறகு பெரிய சக்கரம் படியில் முட்டும் வரை நகர்த்தி, இடுப்பால் அழுத்தித் தள்ள வேண்டும். இறங்கும்போது பின்னோக்கி, பெரிய சக்கரம் முதலில். இரண்டு படியோ அதற்கு மேலோ என்றால் ஏறுவதும் பின்னோக்கித்தான்: மேலே நிற்பவர் கைப்பிடியை இழுக்க, கீழே நிற்பவர் முன்பக்கச் சட்டத்தின் குழாயைப் பிடிக்க வேண்டும். கால்தாங்கியையோ கைதாங்கியையோ சக்கரத்தையோ பிடிக்கக் கூடாது. மின் நாற்காலியை ஆளோடு சேர்த்துத் தூக்கவே விடாதீர்கள். பேட்டரியோடு அதன் எடையே பல நாற்காலிகளில் 50 கிலோவைத் தாண்டும். படி உள்ள கடைக்கு மின் நாற்காலியில் போவதில்லை என்று முடிவெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

போய்ச் சேர்வது

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு மெட்ரோதான் நம்பகமான வழி. தெருமட்டத்திலிருந்து நடைமேடை வரை லிஃப்டும், அகலமான டிக்கெட் வாயிலும் உண்டு. ஆனால் ஒரு நிலையத்தின் எல்லா நுழைவாயில்களிலும் லிஃப்ட் இருக்காது. எந்த வாசல் என்று முன்கூட்டியே கேட்டு வைக்காவிட்டால், அண்ணா சாலையின் தவறான பக்கத்தில் இறங்கிவிட்டுச் சாலையைக் கடக்கத் திண்டாட வேண்டியிருக்கும். தி.நகருக்கு இப்போதைக்குத் தேனாம்பேட்டை அல்லது நந்தனம் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிப்பது சரியாக வரும்.

ஆட்டோவில், மடக்கிய நாற்காலியை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் குறுக்கே வைத்தால் உட்காருபவரின் முழங்கால் இடிக்கும். பெரிய சக்கரங்களைக் கழற்ற முடிகிற மாடலானால் கழற்றி இருக்கைக்குப் பின்புறம் தள்ளிவிடுங்கள். கால் டாக்சியில் வேறு சிக்கல்: எரிவாயுவில் ஓடும் கார்களில் டிக்கியை சிலிண்டர் அடைத்திருக்கும். புக் செய்தவுடன் ஓட்டுநருக்குப் போன் செய்து "டிக்கியில சிலிண்டர் இருக்கா?" என்று கேளுங்கள். கார் வந்து நின்ற பிறகு கேட்டால் இருவருக்கும் சங்கடம்.

மாநகரப் பேருந்தில், 2024 ஆகஸ்ட் முதல் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. கதவருகே மடக்குப் பலகை உண்டு, ஆள்தான் விரிக்க வேண்டும். பேருந்து நடைபாதையை ஒட்டி நின்றால்தான் பலகையின் சரிவு ஏறும்படி இருக்கும். நடுரோட்டில் நின்றால் செங்குத்தாகிவிடும். ஓட்டுநர் கண்ணில் படும்படி நிறுத்தத்தின் முன்பகுதியில் காத்திருந்து கையைக் காட்டுங்கள்.

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. அதில் லிஃப்ட் இருக்கிறது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் சிக்காமலே போய்விடலாம். ஏறுவதற்கு முன் மறுமுனை லிஃப்ட் ஓடுகிறதா என்று அங்குள்ள காவலாளியிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

தெருவில்

நடைபாதை வளாகமாக 2019 நவம்பரில் மாற்றப்பட்ட பாண்டி பஜார், அதாவது தியாகராய சாலை, தி.நகரிலேயே சக்கர நாற்காலிக்கு ஏற்ற இடம். பனகல் பூங்காவிலிருந்து தணிகாசலம் சாலை வரை நடைபாதை அகலமாக, பெரும்பாலும் சமமாக இருக்கிறது. அங்கேயும் இரண்டு தொல்லை. இருசக்கர வாகனம் ஏறாமலிருக்க நட்ட குட்டைத் தூண்களின் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. சந்து குறுக்கிடும் இடங்களில் சரிவின் அடியில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருக்கும் காவலரிடமோ கடைக் காவலாளியிடமோ சொன்னால் நகர்த்திவிடுவார்கள். கேட்கத் தயங்க வேண்டாம், அது உங்கள் வழி.

உஸ்மான் சாலையும் பனகல் பூங்காச் சுற்றுவட்டமும் மெட்ரோ வேலையால் அடிக்கடி உருமாறுகின்றன. போன மாதம் போன வழி இந்த மாதம் தடுப்புக்குள் இருக்கலாம். ரங்கநாதன் தெருவைப் பொறுத்தவரை எங்கள் கருத்து திட்டவட்டமானது: மாலையில் வேண்டாம், ஞாயிறு வேண்டவே வேண்டாம். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம் மற்றவர்களின் பை உயரத்தில் இருக்கிறது, முன்னால் நடப்பவர் சட்டென்று நின்றால் கால்தாங்கி அவர் குதிகாலில் இடிக்கும். போயே ஆக வேண்டுமென்றால் வாரநாளில் கடை திறக்கும் நேரத்தில் நுழைந்து பன்னிரண்டு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். ஆடித் தள்ளுபடியும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் தி.நகர் முழுவதற்குமே இதே விதிதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேங்கிய நீருக்குள் சக்கரத்தை விடாதீர்கள். திறந்த சாக்கடை மூடி கண்ணுக்குத் தெரியாது, முன்சக்கரம் விழுந்தால் ஆள் முன்னால் தூக்கி எறியப்படுவார். கோடையில் உலோகக் கைவளையம் கையைச் சுடும். விரல் வெட்டிய சைக்கிள் கையுறை ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் போதும்.

கடைக்குள்

மெட்டல் டிடெக்டர் சட்டகத்துக்குள் நுழையப் போராட வேண்டாம். பக்கவாட்டில் விடச் சொல்லுங்கள். மாடிக் கடைகளில் முதலில் மேல்மாடிக்குப் போய், அங்கிருந்து இறங்கி வாருங்கள். காலையில் லிஃப்ட் காலியாக இருக்கும்போது ஏறிவிடலாம். கூட்டம் சேர்ந்த பிறகு நடுத்தளத்தில் நின்றால், மேலேயிருந்து வரும் லிஃப்டும் கீழேயிருந்து வரும் லிஃப்டும் நிறைந்தே வரும். லிஃப்டுக்குள் திரும்ப இடமில்லை என்றால் பின்னோக்கி நுழையுங்கள், வெளியே வரும்போது முகம் வாசலைப் பார்த்திருக்கும்.

பட்டுப்புடவைப் பிரிவில் மெத்தை விரித்த மேடை தாழ்வாக இருக்கும். நேராகப் போனால் கால்தாங்கி மேடையில் முட்டி, புடவை கைக்கு எட்டாது. மேடைக்கு இணையாகப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். விற்பனையாளர் துணைக்கு வந்தவரைப் பார்த்தே விலை சொல்லிக்கொண்டிருந்தால், துணைக்கு வந்தவர் ஒரு காரியம் செய்யலாம்: இரண்டடி பின்னால் நகர்ந்து, "அவங்களுக்குத்தான் வாங்குறோம், அவங்கக்கிட்ட காட்டுங்க" என்று சொல்லலாம்.

டிரயல் ரூமில் பெரும்பாலும் நாற்காலி திரும்பாது. "யாரும் உபயோகிக்காத ஸ்டாக் ரூம் இருக்கா?" என்றெல்லாம் சுற்றி வளைக்காமல், திரை போட்ட ஒரு மூலையையோ அலுவலக அறையையோ நேராகக் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், மாற்றித் தர எத்தனை நாள் என்று பில்லிலேயே எழுதி வாங்கி, வீட்டில் போட்டுப் பாருங்கள்.

உட்கார்ந்தே இருப்பவருக்கு உடை வேறு மாதிரி அமையும். பேன்ட் உட்கார்ந்தபடி மேலேறும், ஆகவே இடுப்பிலிருந்து முழங்கால் வழியாகக் கணுக்கால் வரை உட்கார்ந்த நிலையிலேயே அளந்து வாங்குங்கள். பின்பக்கம் இடுப்பு உயரமாக இருக்க வேண்டும். பின் பாக்கெட்டில் பட்டனோ தடித்த தையலோ இருந்தால் வேண்டாம், உணர்ச்சி குறைந்த தோலில் அழுத்தி அதுவே புண்ணாகிவிடும். முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தின் கம்பிகளில் சிக்கும். மடியில் சொருகியோ பின் குத்தியோ வையுங்கள்.

பணம் கட்டுமிடம் ஒரு தளம், பொருள் வாங்குமிடம் தரைத்தளம் என்று பல கடைகளில் பிரித்திருப்பார்கள். பில்லைக் கொடுத்து, பொருளை நீங்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லலாம். கார்டு மெஷின் உயரமான கவுண்டரில் இருந்தால் கீழே நீட்டச் சொல்லி நீங்களே ரகசிய எண்ணை அழுத்துங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.

வாங்கிய பைகளைக் கைப்பிடியில் தொங்கவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. எடை பின்னால் சேர்ந்தால் முன்சக்கரம் லேசாகி, சரிவில் நாற்காலி மல்லாக்கச் சாயும். கனமானதை மடியிலோ இருக்கைக்கு அடியிலோ வையுங்கள், பின்னால் துணி மட்டும்.

கழிப்பறைதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. தி.நகர்க் கடைகளில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையை எதிர்பார்க்காதீர்கள். மெட்ரோ நிலையத்திலோ பெரிய மாலிலோ போய்விட்டுக் கிளம்புங்கள். ராயப்பேட்டை, வடபழனி, வேளச்சேரி, அண்ணாநகர் மால்களில் தனிக் கழிப்பறை இருந்தும், சில சமயம் துடைப்பமும் வாளியும் அதை நிரப்பியிருக்கும், அல்லது பூட்டியிருக்கும். மாலுக்குள் நுழைந்ததுமே சாவி யாரிடம் என்று கேட்டு வையுங்கள். தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்கள், எவ்வளவு சுவாரசியமாகப் புடவை பார்த்துக்கொண்டிருந்தாலும், 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கியோ பக்கவாட்டில் சாய்ந்தோ எடையை மாற்ற வேண்டும். போனில் அலாரம் வையுங்கள்.

நுழைய முடியாத கடை என்றால்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் கடைகளையும் கட்டுப்படுத்துகிறது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவிடக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு. முதலில் மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்: "வாசலில் மூன்று படி, மொத்தம் 45 செ.மீ., 5.4 மீட்டர் சாய்தளமோ மாற்று வாசலோ தேவை." டேப் வைத்து எடுத்த போட்டோவை இணையுங்கள். பதில் இல்லையென்றால் அதே கடிதத்தை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்புங்கள். "வசதி இல்லை" என்று பொதுவாக எழுதிய புகாரைவிட, அளவோடு எழுதிய புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம்.

வீடு திரும்பியதும் நாற்காலியைச் சாய்த்து முன்சக்கர அச்சைப் பாருங்கள். துணிக்கடைத் தரையிலிருந்து நூலும் முடியும் சுற்றியிருக்கும். கத்தரிக்கோலால் வெட்டிச் சாமணத்தால் இழுத்தெடுங்கள். அப்படியே விட்டால் நாலைந்து தடவையில் சக்கரம் இறுகி, நாற்காலி ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பிக்கும்.