வயசே ஏறாத குடும்பத்துல கேரக்டர் வளர்றது எப்படி: அனிமேஷன் ஃபேமிலி காமெடி எழுதறவங்களுக்கு

அனிமேஷன்ல ஃபேமிலி காமெடி சீரிஸ் எழுத உக்காந்தா மொதல்ல முட்டிக்கிற எடம் இதுதான். கேரக்டர் வளரணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா இந்த வகை சீரிஸ்ல யாருக்கும் வயசே ஏறாது. தி சிம்ப்சன்ஸ் தனி சீரிஸா ஆரம்பிச்சது 1989 டிசம்பர்ல, அந்த வீட்டு பையன் பார்ட்டுக்கு அன்னைக்கும் 10 வயசு, இன்னைக்கும் 10 வயசு. ஜப்பான் கார்ட்டூன் பையன் ஷின்-சானுக்கு எப்பவும் 5. அதே வீடு, அதே சட்டை, எபிசோடு முடிஞ்சா எல்லாம் பழையபடி, ரீசெட்னு சொல்றது இததான். அப்போ வளர்ச்சிய எங்க வைக்கறது?

நான் பிடிச்சுக்கற ரூல் ஒண்ணுதான். கேரக்டரோட ஆசைய தொடாதீங்க, அந்த ஆசைக்காக அவங்க போற வழிய மாத்துங்க. ஆசை மாறிட்டா அது வேற ஆளு, பாக்கறவங்களுக்கு பிடிச்ச ஆளு காணாம போயிடுவாரு. வழி மாறினா அதே ஆளு கொஞ்சம் முன்னாடி நகர்ந்து நிக்கறாரு, நமக்கு வேண்டியது அதுதான்.

மொதல்ல ஆசைய கண்டுபிடிங்க. நெறைய பேரு கேரக்டர் ஷீட்ல சோம்பேறி அப்பா, கண்டிப்பான அம்மா, வாலு பையன்னு எழுதி வச்சுட்டு வேலை முடிஞ்சதுன்னு போயிடறாங்க, ஆனா அதெல்லாம் குணம்தானே, குணத்த வச்சு ஒரு ஜோக்கு வரும், ரெண்டு ஜோக்கு வரும், பத்தாவது எபிசோடுல கதை நின்னுடும். அந்த கேரக்டர வீட்டுல தனியா விடுங்க, வேற யாரும் இல்ல, ஒரு வேலையும் இல்ல, இப்போ அவரா எழுந்து என்ன பண்ணுவாரு? சோம்பேறி அப்பா சோஃபாலயே கெடப்பாரு. ஆனா "இந்த வீட்டுக்கு நான் தேவைப்படணும்"னு ஏங்கற அப்பா எழுந்து போய் எதையாவது கழட்டி மாட்ட ஆரம்பிச்சுடுவாரு, நீங்க சும்மா இருந்தாலும் அவரு சும்மா இருக்க மாட்டாரு. எழுந்து நடக்க வைக்கறது எதுவோ அதுதான் மோட்டிவேஷன்.

அடுத்தது, அந்த ஆசைய நிறைவேத்த அதே வீட்டுல இருக்கற இன்னொருத்தராலதான் முடியணும், இத நெறைய பேரு விட்டுடறாங்க. அப்பாவோட ஆசை பணக்காரர் ஆகறதுன்னு வச்சா கதை வீட்ட விட்டு வெளிய ஓடிடும், குடும்பம் சும்மா வேடிக்கை பாக்கும். இப்படி வச்சு பாருங்க. அப்பாவுக்கு தான் தேவைப்படணும். 12 வயசு பொண்ணுக்கு எல்லாத்தையும் தானே செஞ்சு பாக்கணும். அம்மாவுக்கு யாரும் தன்ன கூப்பிடாத ஒரு அரை மணி நேரம் வேணும். தம்பிக்கு தன்னையும் பெரியவனா கணக்குல எடுத்துக்கணும். பாட்டிகிட்ட யாரும் எதையும் மறைக்கக்கூடாது. எல்லாமே நியாயமான ஆசைதான், ஆனா ஒருத்தரோடது நடந்தா இன்னொருத்தரோடது அடிபடும். இந்த ஜானர்ல வில்லனே வேண்டாம்னு நான் சொல்றது இதனாலதான், மோதல் ஹால்லயே உக்காந்திருக்கு.

இப்போ இத வச்சு ஒரு சீன் பாக்கலாம். பொண்ணோட சைக்கிள் செயின் கழண்டு போச்சு, அவ வீடியோ பாத்து தானே மாட்டிட்டா, கையெல்லாம் கிரீஸு, மூஞ்சியெல்லாம் சந்தோஷம். அப்பா வாசல்ல டூல் பாக்ஸோட நிக்கறாரு, "என்னம்மா, அப்பாவ கூப்பிட்டிருக்கலாம்ல?" அவ திரும்பிகூட பாக்காம "முடிஞ்சுதுப்பா"ங்கறா. அன்னைக்கு ராத்திரி எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் அப்பா மெதுவா போய் அந்த செயின கழட்டி விடறாரு. காலையில காபியோட வாசல்லயே உக்காந்து அவ கூப்பிடுவான்னு காத்திருக்காரு. அவ வர்றா, பாக்கறா, குனிஞ்சு மாட்டிட்டு கெளம்பிடறா. அடுத்த ராத்திரி சீட்டு, அதுக்கு அடுத்த ராத்திரி ஹேண்டில்பார், ஒவ்வொரு தடவையும் அவ இன்னும் வேகமா சரி பண்றா. அவரோட உதவியே வேண்டாம்னு ஆகறதுக்கு அவரே பொண்ணுக்கு ட்ரெயினிங் குடுத்துட்டு இருக்காரு, காமெடி இந்த இடத்துல தானா வருது, தனியா ஜோக் எழுத வேண்டியதில்ல.

இத முடிக்கற விதத்துலதான் வளர்ச்சி இருக்கு. ஈஸியா வர்ற முடிவு, பொண்ணு கண்டுபிடிப்பா, அப்பா மன்னிப்பு கேப்பாரு, ரெண்டு பேரும் கட்டிப்பாங்க. இத எழுதாதீங்க. பாடத்த வாயால சொல்லிட்டா அந்த சீன் அங்கயே செத்துடும். அதுக்கு பதிலா, கடைசியில அப்பா தன்னோட பழைய சைக்கிள தள்ளிட்டு வந்து "இதுல பிரேக் பிடிக்க மாட்டேங்குது, என்னன்னு பாக்கறியா?"ன்னு கேக்கட்டும். அவ ஒரு செகண்ட் அவர பாக்கறா, "ஸ்பேனர் எடுங்கப்பா"ங்கறா. ஆசை அதே ஆசை, அவருக்கு இன்னமும் அவ பக்கத்துல தேவைப்படற ஆளா இருக்கணும், ஆனா இப்போ ஸ்பேனர் எடுத்து குடுக்கற ஆளாவும் இருக்க முடியுதுன்னு கண்டுபிடிச்சுட்டாரு. பொண்ணுக்கு விஷயம் தெரிஞ்சுதா இல்லையான்னு அந்த ஒரு செகண்ட் பார்வையிலயே விட்டுடுங்க.

இன்னொரு வகை வளர்ச்சியும் இருக்கு, கேரக்டர் அங்கயே நிப்பாரு, அவர பத்தி நமக்கு தெரிஞ்சது வளரும். சிம்ப்சன்ஸ்ல 1995ல வந்த ஒரு எபிசோடு இதுக்கு சரியான உதாரணம். பார்ட்டோட அப்பா ஹோமர் பிடிக்காத அணு உலை வேலைய விட்டுட்டு பிடிச்ச பவுலிங் வேலைக்கு போறாரு, கடைக்குட்டி பொண்ணு மேகி பொறக்கப்போறது தெரிஞ்சதும் பழைய வேலைக்கே திரும்பி வர வேண்டியதாகுது. நீ எப்பவும் இங்கதான்னு மறந்துடாதேன்னு முதலாளி ஒரு பலகைய அவரு மேஜைக்கு எதிர்ல மாட்டி வைக்கறாரு. ஹோமர் மேகியோட ஃபோட்டோக்கள அது மேல ஒட்டி சில எழுத்த மறைச்சு, அவளுக்காக செய்னு மட்டும் தெரியற மாதிரி பண்ணிடறாரு. வேலை மாறல, மேஜை மாறல, மனுஷனும் மாறல. ஆனா அதுக்கப்புறம் அந்த மேஜையில அவரு தூங்கறத பாத்தா நமக்கு வேற மாதிரி இருக்கும். ரீசெட் ஆகற சீரிஸுக்கு இதவிட நல்ல வழி எனக்கு தெரிஞ்சு இல்ல.

கேரக்டரோட பயத்த கண்ணுக்கு தெரியற ஒரு பொருள்ல வைங்க, அனிமேஷன்ல இது ரொம்ப நல்லா வேலை செய்யும், ஏன்னா டிசைன்லயே வச்சுடலாம். பாப்ஸ் பர்கர்ஸ்னு ஒரு ஃபேமிலி காமெடி சீரிஸ், அதுல லூயிஸ் எப்பவும் முயல் காது தொப்பி போட்டிருப்பா, எல்லாரையும் ஆட்டி வைக்கற பொண்ணு, ஒரு எபிசோடுல ஒரு பெரிய பையன் அத பிடுங்கிட்டு போனதும் அப்படியே ஆடிப்போயிடுவா. பயத்த பத்தி டயலாக்கே வேண்டாம், தொப்பி போச்சுன்னா போதும்.

நேரத்தையும் பாத்துக்கோங்க. குழந்தைங்க சீரிஸ் ப்ளூயி மாதிரி 7 நிமிஷ எபிசோடுன்னா ஒரு ஆசை, ஒரு திருப்பம், அவ்வளவுதான், ரெண்டாவது கதைய திணிக்காதீங்க. 22 நிமிஷம்னா சைடு கதை ஒண்ணு ஓட்டலாம், ஆனா அதுவும் அதே கேள்விய வேற பக்கத்துலேந்து தொடணும். மேல சொன்ன சைக்கிள் கதையோட, அரை மணி நேரம் யாரும் கூப்பிடக்கூடாதுன்னு அம்மா ஒளிஞ்சுக்கறதும், நிஜமாவே யாரும் கூப்பிடலன்னதும் அவங்களே வெளிய வந்து எட்டிப் பாக்கறதும் அழகா சேரும்.

எழுதி முடிச்சதும் ரெண்டு செக் பண்ணுங்க. ஒவ்வொரு ஜோக்கையும் எடுத்து வேற கேரக்டர் வாயில போட்டு பாருங்க, அப்பவும் சிரிப்பு வந்தா அது யாரோட ஜோக்கும் இல்ல, தூக்கிடுங்க இல்லனா திருப்பி எழுதுங்க. அப்புறம் அனிமேட்டிக் (வரைஞ்ச சீன்கள வரிசையா ஓட விடற கச்சா வீடியோ) வந்ததும் சவுண்ட ஆஃப் பண்ணிட்டு பாருங்க, யாருக்கு என்ன வேணும்னு கை, கண்ணு, நிக்கற தூரம் இதுலயே தெரியணும். பெரும்பாலும் குரல் பதிவு அனிமேஷனுக்கு முன்னாடியே நடக்கும், அதனால நடிக்கறவங்ககிட்ட "சோகமா சொல்லுங்க"ன்னு கேக்காம "அவ இப்போ திரும்பி பாக்கணும்னு அவருக்கு ஆசை, அதுக்காக பேசறாரு"ன்னு சொல்லுங்க, வர்ற குரலே வேறயா இருக்கும்.

ரீசெட் பத்தி கடைசியா ஒண்ணு. வீடு, வேலை, வயசு எல்லாம் ரீசெட் ஆகட்டும், ஒருத்தர பத்தி ஒருத்தருக்கு தெரிஞ்சது மட்டும் ஆகக்கூடாது. ஷோ பைபிள்ல, அதாவது சீரிஸோட கேரக்டர், ரூல் எல்லாம் எழுதி வைக்கற கையேட்டுல, ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எபிசோடு முடிய முடிய ஒரு வரி எழுதுங்க: இன்னைக்கு இவங்க வீட்டுல யார பத்தி புதுசா என்ன தெரிஞ்சுகிட்டாங்க? எட்டு எபிசோடு கழிச்சு அப்பா மறுபடி ஏதோ தகிடுதத்தம் பண்ணலாம், பண்ணட்டும், ஆனா இந்த தடவை பொண்ணு ராத்திரி சைக்கிள எடுத்து தன் ரூமுக்குள்ள வச்சுகிட்டு, கதவுக்கு வெளிய ஒரு ஸ்பேனர மட்டும் வச்சுட்டு போகணும்.