தேடல் பெட்டியில் சொல்லை எங்கே வெட்டுவது?

ஓர் இணையத்தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியை கூகுள் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான பெட்டிகள் எழுத்துப் பிழையைத் திருத்தமாட்டா. 'குளத்தில்' என்றாலும் 'குளம்' என்றாலும் ஒன்றுதான் என்பது அவற்றுக்குத் தெரியாது. 'திருகோணமலையில் வெந்நீர்க் கிணறுகள் எங்கே இருக்கின்றன' என்று முழு வாக்கியமாகக் கேட்டால், அத்தனை சொற்களும் அதே வடிவில் இருக்கும் பக்கத்தைத்தான் பல தளங்கள் தேடும். அப்படி ஒரு பக்கம் இருக்காது. இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று சொல் போதும்.

முதலில் பெட்டி எந்த வகை என்று பாருங்கள். தளத்தில் கட்டாயம் இருக்கக்கூடிய ஒரு சொல்லின் நடுத்துண்டைத் தட்டுங்கள். திருகோணமலைச் செய்தித்தளம் என்றால் 'கோணமல'. முடிவுகள் வந்தால் அது சொல்லுக்குள்ளும் புகுந்து தேடும் பெட்டி. தேடலுக்கென்று வேறு செருகுநிரல் (கூடுதல் மென்பொருள்) போடாத, வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளங்கள் இந்த வகை. ஒன்றுமே வராவிட்டால் முழுச்சொல்லாகத்தான் ஒப்பிடுகிறது.

முதல் வகை கிடைத்தால் அதிர்ஷ்டம். 'கோணமல' என்ற துண்டு திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை மூன்றையும், வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களையும் சேர்த்தே பிடிக்கும். கோயிலைத் தேட 'கோணே' போதும்: கோணேஸ்வரம், கோணேசர், கோணேச்சரம் எல்லாம் வரும். இன்னும் குறைத்து 'கோண' என்று போட்டால் முக்கோணமும் கோணலும் வந்து நிற்கும்.

வெட்டும்போது கடைசிப் புள்ளியையும் எடுத்துவிடுங்கள். 'கந்தளாய்' என்று தேடினால் 'கந்தளாயில்' அகப்படாது. 'கந்தளாய' என்றால் இரண்டும் அகப்படும். கணினி 'யி' என்பதை ய, அதன்பின் இகரக் குறி என்று இரண்டாகச் சேமிப்பதுதான் காரணம். இதே காரணத்தால் ஒரு தொல்லையும் உண்டு. குளம், குளத்தில், குளக்கட்டு எல்லாவற்றுக்குமாக 'குள' என்று வெட்டினால் குளிரும் குளியலும் கூடவே வரும். ஆகவே குட்டைத் துண்டைத் தனியே விடாதீர்கள். 1986இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததைப் பற்றித் தேட 'கந்தளாய குள 1986' என்று தட்டுங்கள்.

முழுச்சொல் பெட்டியில் இந்த வித்தை பலிக்காது. அங்கே சொல்லின் இறுதியில் உடுக்குறி போட்டுப் பாருங்கள்: 'கந்தளாய*'. தமிழ் விக்கிப்பீடியா இதை ஏற்கும். உடுக்குறி வாலுக்குத்தான் உதவும், தலைக்கு உதவாது. திரு, திருக், திரி மூன்றையும் தனித்தனியே தேடத்தான் வேண்டும். சந்தி எழுத்தும் இங்கே இடறும். 'இந்துக் கல்லூரி' என்று தட்டினால் 'இந்து கல்லூரி' என்று எழுதிய பக்கம் வராது. 'ஸ்ரீ' அதைவிட மோசம். திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், விசைப்பலகையைப் பொறுத்து அதன் முதலெழுத்து 'ஸ' ஆகவோ 'ஶ' ஆகவோ பதிந்திருக்கும். ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரியைத் தேட 'கோணேஸ்வரா கல்லூரி' என்று போடுங்கள். இடறும் இரண்டும் போய்விடும்.

அடுத்தது, ஆவணத்தை எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார் என்பது. திருகோணமலை நகரப் பிரதேச செயலகம் என்று நாம் சொல்வது அரச ஆவணங்களில் 'பட்டினமும் சூழலும்' என்றிருக்கும், சிலவற்றில் 'பட்டணமும்'. 'சூழலும்' என்று மட்டும் தேடினால் இரண்டும் சிக்கும். மாகாண நிர்வாகம் 1988 முதல் 2006 முடியும்வரை வடக்குக் கிழக்காக இணைந்திருந்தது. அக்காலத்துச் சுற்றுநிருபத்தை 'கிழக்கு மாகாண' என்று மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், 'வடகிழக்கு மாகாண' என்று சேர்த்தெழுதிய தலைப்பு முழுச்சொல் பெட்டியில் விடுபட்டுப்போகும். சுற்றுநிருபம் கிடைக்காவிட்டால் சுற்றறிக்கை என்றும் பாருங்கள். கன்னியாவும் கிண்ணியாவும் வெவ்வேறு ஊர்கள், அவசரத்தில் ஒன்றுக்கு மற்றது விழுந்துவிடும். வெந்நீர்க் கிணறுகள் உள்ள கன்னியாவுக்கு, சொல்லுக்குள் தேடும் பெட்டி என்றால், 'வெந்நீர' என்று துணைச்சொல் சேருங்கள்: வெந்நீர் ஊற்று, வெந்நீரூற்று, வெந்நீர்க் கிணறு எல்லாம் அதற்குள் அடங்கும். 'வென்னீர்' என்று பிழையாக எழுதியவர்களுக்காக இன்னொரு தடவை தேட வேண்டிவரும்.

ஆவணம் தளத்தில் இருப்பது நிச்சயம், ஆனாலும் வரவில்லை என்றால் எழுத்துருவைச் சந்தேகியுங்கள். பழைய பிடிஎஃப் கோப்புகள் பல பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டவை. கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். கோப்பிலிருந்து ஒரு வரியைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் தெரிந்துவிடும். அப்படியானால் உங்கள் தேடுசொல்லை எழுத்துரு மாற்றியில் பாமினிக்கு மாற்றி, அந்த ஆங்கிலக் கோவையை வைத்துக் கோப்புக்குள் தேடுங்கள். ஒட்டும்போது ஒன்றுமே வராவிட்டால் அது வெறும் ஸ்கேன் படம். தலைப்பையும் ஆண்டையும் கொண்டுதான் தேடலாம்.

தளத்தின் பெட்டி எதற்கும் மசியாதபோது கூகுளில் 'சைட்' என்பதை ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதி, பிறகு இடைவெளி விட்டுத் தேடுசொல்லைப் போடுங்கள். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விழுந்தால் கட்டளை வேலை செய்யாது. கடவுச்சொல் போட்டு நுழையும் பக்கங்களை இந்த வழியில் பார்க்க முடியாது. இன்று காலை ஏற்றிய பக்கமும் உடனே வராமல் போகலாம்.