மேரேஜ் கிரீன் கார்டுல இருந்து அமெரிக்க சிட்டிசன் ஆகுற வரைக்கும், ஸ்டெப் ஸ்டெப்பா

அமெரிக்கன் சிட்டிசனை கல்யாணம் பண்ணி இங்க வந்தவங்க நிறைய பேரு கிரீன் கார்டு கைக்கு வந்ததும் எல்லா பேப்பரையும் ஒரு கவர்ல போட்டு பீரோல வச்சு பூட்டிடுறாங்க, அப்புறம் சிட்டிசன்ஷிப் நெனப்பு வர்றப்ப எந்த தேதிக்கு எங்க இருந்தோம், எந்த அக்கவுன்ட்ல யார் பேர் இருந்துச்சுன்னு தேடி அலையுறாங்க. இந்த பாதை முழுக்க தேதிக் கணக்குதாங்க. டெஸ்ட்டுக்கு எல்லாரும் பயப்படுறாங்க, ஆனா டெஸ்ட்டு படிச்சா முடிஞ்சுடும், தேதி தப்பினா வருஷக்கணக்குல போயிடும். அதனால கார்டு வந்த அன்னிக்கே ஆரம்பிப்போம்.

ஸ்டெப் 1: கார்டுல ரெண்டு தேதிய பாருங்க

கிரீன் கார்டு ஸ்டேட்டஸ் கெடைச்ச அன்னிக்கு உங்க கல்யாணத்துக்கு ரெண்டு வயசு ஆகலன்னா உங்களுக்கு வர்றது கண்டிஷனல் கார்டு, ரெண்டே வருஷம்தான் செல்லும். ஊர்ல இருந்து விசாவுல வர்றவங்களுக்கு அந்த நாள்ங்கிறது இங்க ஏர்போர்ட்ல எறங்குற நாள். ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா நேரா பத்து வருஷ கார்டு, அப்போ ஸ்டெப் 2 உங்களுக்கு இல்ல, தாண்டிப் போங்க.

இன்னொரு தேதி 'ரெசிடென்ட் சின்ஸ்'னு இருக்கும். சிட்டிசன்ஷிப்புக்கு எண்ண ஆரம்பிக்குறது அங்க இருந்துதான். கண்டிஷனல் கார்டுல இருந்த ரெண்டு வருஷமும் அந்த கணக்குல சேரும், பத்து வருஷ கார்டு வந்தப்புறம்தான் எண்ணணும்னு யாராச்சும் வாட்ஸ்அப்ல சொன்னா நம்பாதீங்க.

ஸ்டெப் 2: கார்டுல இருக்குற கண்டிஷன நீக்குறது, ஐ-751 ஃபார்ம்

கார்டு எக்ஸ்பையர் ஆகுறதுக்கு முந்தின 90 நாளைக்குள்ள புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு இந்த ஃபார்ம அனுப்பணும். உதாரணத்துக்கு கார்டு 2026 ஜூன் 15 முடியுதுன்னா மார்ச் 17-ல இருந்து அனுப்பலாம். அதுக்கு முன்னாடி அனுப்பினா திருப்பி அனுப்பிடுவாங்க, விட்டுட்டா ஸ்டேட்டஸே போயிடும், டிப்போர்ட்டேஷன் கோர்ட் வரைக்கும் இழுக்கும். ஃபீஸ் 750 டாலர். (ஃபீஸ் எல்லாம் அப்பப்போ மாறும், அனுப்புற அன்னிக்கு இமிக்ரேஷன் ஆபீஸான யுஎஸ்சிஐஎஸ் சைட்ல ஒரு தடவ பாத்துடுங்க.) அனுப்பினதும் ஒரு ரசீது லெட்டர் வரும், பழைய கார்டோட அந்த லெட்டரையும் சேத்து காட்டினா 48 மாசத்துக்கு செல்லும், வேலைக்கும் சரி ஊருக்கு போயிட்டு வர்றதுக்கும் சரி. அந்த லெட்டர பத்திரமா வைங்க.

இதுல முக்கியம் எவிடென்ஸ். நம்ம ஆளுங்க கல்யாண ஆல்பத்த முகூர்த்தத்துல இருந்து ரிசப்ஷன் வரைக்கும் நூறு போட்டோவா அனுப்புவாங்க, ஆனா கல்யாணம் நடந்துச்சாங்கிறது ஆபீசருக்கு ஏற்கனவே தெரியும், அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா குடும்பம் நடத்துறாங்களாங்கிறதுதான் அவருக்கு வேணும். ரெண்டு பேர் பேர்லயும் இருக்குற வீட்டு லீஸ் இல்லன்னா மார்ட்கேஜ், ஜாயின்ட் பேங்க் ஸ்டேட்மென்ட் (சும்மா தொறந்து வச்சது இல்ல, சம்பளம் வந்து கரண்ட் பில் போறது தெரியணும்), ஜாயின்ட்டா ஃபைல் பண்ண டாக்ஸ் ரிட்டர்ன், ஹெல்த் இன்சூரன்ஸ், கார் இன்சூரன்ஸ், கொழந்த இருந்தா பர்த் சர்டிஃபிகேட். போட்டோ பத்து பதினஞ்சு போதும், வேற வேற வருஷத்துல எடுத்ததா இருக்கட்டும். பில்லு எல்லாம் ஒருத்தர் பேர்லயே ஓடிட்டு இருந்தா இன்னைக்கே இன்னொருத்தர் பேரையும் சேருங்க, கடைசி மாசத்துல சேத்தா பாக்குறவங்களுக்கு தெரியத்தான் செய்யும்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். கல்யாணம் சரியா வராம டைவர்ஸ் ஆயிடுச்சு, இல்ல வீட்டுல அடி உதைன்னா, 'நான் கையெழுத்து போடலன்னா நீ ஊருக்குத்தான் போகணும்'னு மெரட்டுறத நம்பி உள்ள கெடக்க வேண்டாம்ங்க. உண்மையான கல்யாணமா இருந்தா போதும், வெய்வர், அதாவது ரெண்டு பேர் கையெழுத்துல இருந்து விலக்கு, கேட்டு நீங்க தனியாவே ஐ-751 போடலாம், அதுக்கு 90 நாள் கணக்கு கூட கெடையாது. இந்த மாதிரி கேஸ்ல மட்டும் காசு பாக்காம இமிக்ரேஷன் வக்கீல் வச்சுக்கோங்க.

ஸ்டெப் 3: மூணு வருஷமா அஞ்சு வருஷமா

பொதுவா எல்லாருக்கும் அஞ்சு வருஷம். சிட்டிசனோட ஸ்பவுஸுக்கு மட்டும் மூணு. ஆனா அந்த மூணு வருஷமும் உங்க கையில கிரீன் கார்டு இருந்திருக்கணும், ரெண்டு பேரும் சேந்து வாழ்ந்திருக்கணும், அதோட உங்க வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ அந்த மூணு வருஷமும் சிட்டிசனா இருந்திருக்கணும். நம்ம ஆளுங்க தடுக்கி விழுற எடம் இந்த கடைசி கண்டிஷன்தான். உங்க வீட்டுக்காரர் எச்1பி வேலை விசாவுல வந்து, கிரீன் கார்டு வாங்கி, போன வருஷம்தான் ஓத் (சிட்டிசன் உறுதிமொழி) எடுத்தாருன்னா, உங்ககிட்ட நாலு வருஷமா கார்டு இருந்தாலும் இன்னைக்கு மூணு வருஷ ரூல் ஓடாது, பேசாம உங்க அஞ்சு வருஷம் முடியுற வரைக்கும் இருந்துட்டு போடுறதே சீக்கிரம் ஆயிடும். அதே மாதிரி ஓத் எடுக்குறதுக்கு முன்னாடி டைவர்ஸ் ஆனாலும் மூணு வருஷ சலுகை போச்சு, அஞ்சு வருஷ லைனுக்கு போகணும்.

கிரீன் கார்டு கணக்குக்கு மட்டும் 90 நாள் முன்னாடியே ஃபைல் பண்ணலாம். ரெசிடென்ட் சின்ஸ் 2024 ஜூன் 15 இருந்தா மூணு வருஷம் 2027 ஜூன் 15, அப்போ 2027 மார்ச் 17 முதல் நாள். ரெண்டு மூணு நாள் தள்ளியே போடுங்க, ஒரு நாள் முந்தினாலும் ஃபீஸ் கட்டினது வீண். சேந்து வாழ்ந்த மூணு வருஷமும் சிட்டிசனா இருந்த மூணு வருஷமும் ஃபைல் பண்ற அன்னிக்கே முழுசா முடிஞ்சிருக்கணும், அதுக்கு இந்த 90 நாள் சலுகை கெடையாது.

ஸ்டெப் 4: ஊருக்கு போன நாள எண்ணுங்க

மூணு வருஷத்துல பாதி நாளாவது, அதாவது 18 மாசம், இங்க உடம்போட இருந்திருக்கணும். அஞ்சு வருஷ ரூல்னா 30 மாசம். இது பெரும்பாலும் பிரச்சனை இல்ல, பிரச்சனை ஒரே ட்ரிப்பு நீளமா போறதுதான். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு போறது, அப்பாவுக்கு முடியலன்னு போய் தங்குறது, இதெல்லாம் தெரியாமலே ஆறு மாசத்த தாண்டிடும். ஆறு மாசத்துக்கு மேல ஒரே இழுவையா வெளிய இருந்தா இங்க குடியிருப்பு அறுந்துபோச்சுன்னு அவங்களே எடுத்துப்பாங்க, இல்லங்க எனக்கு இங்க வீடு இருந்துச்சு வேலை இருந்துச்சுன்னு நீங்கதான் நிரூபிக்கணும். ஒரு வருஷம் ஆயிட்டா பேச்சே இல்ல, கணக்கு அறுந்துடும். ரீ-என்ட்ரி பெர்மிட் (நீளமா வெளிய போயிட்டு திரும்ப வர்றதுக்கான அனுமதி) எடுத்தேனேன்னு சொல்லாதீங்க, அது கார்ட காப்பாத்தும், சிட்டிசன்ஷிப் கணக்க காப்பாத்தாது.

போன தேதி வந்த தேதி எல்லாத்தையும் ஒரு எக்செல் ஷீட்ல போட்டு வைங்க. மறந்துட்டா பாஸ்போர்ட் ஸ்டாம்பு, ஐ-94 (அமெரிக்காவுக்கு வந்து போன பதிவு) சைட்ல இருக்குற ட்ராவல் ஹிஸ்டரி, பழைய டிக்கெட் ஈமெயில் மூணையும் வச்சு பொருத்தி எடுத்துடலாம்.

இடைப்பட்ட காலத்துல ரெண்டு எச்சரிக்கை. டாக்ஸ ரெசிடென்ட்டாதான் ஃபைல் பண்ணணும், வருஷா வருஷம். அடுத்தது டிரைவிங் லைசென்ஸ் எடுக்குற எடத்துல 'ஓட்டு போட ரெஜிஸ்டர் பண்றீங்களா'ன்னு கேப்பாங்க, பழக்கதோஷத்துல தலைய ஆட்டிடாதீங்க. சிட்டிசன் ஆகுறதுக்கு முன்னாடி ஓட்டர் லிஸ்ட்ல பேர் ஏறுறது, அதுவும் ஓட்டே போட்டுட்டா, சிட்டிசன்ஷிப் மட்டும் இல்ல கிரீன் கார்டுக்கே உலை. வீடு மாறினா பத்து நாளைக்குள்ள ஏஆர்-11 போட்டு அட்ரஸ் சொல்லிடணும், இது ஆன்லைன்ல அஞ்சு நிமிஷ வேலை.

ஸ்டெப் 5: சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன், என்-400

ஆன்லைன்ல போட்டா 710 டாலர், பேப்பர்ல 760. ஆன்லைனே போடுங்க, கேஸ் எங்க நிக்குதுன்னு அதுலயே தெரியும். வருமானம் கம்மின்னா பாதி ஃபீஸுக்கும் முழு விலக்குக்கும் வழி இருக்கு. கிரீன் கார்டு காப்பி, மேரேஜ் சர்டிஃபிகேட், ஸ்பவுஸ் சிட்டிசன்ங்கிறதுக்கு ப்ரூஃப், மூணு வருஷ டாக்ஸ் ட்ரான்ஸ்க்ரிப்ட் (டாக்ஸ் ஆபீஸான ஐஆர்எஸ் சைட்ல ஃப்ரீ), இதெல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்திடுங்க. போலீஸ் கேஸ், அரெஸ்ட், டிக்கெட் பத்தி கேள்வி வந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க, பழைய சின்ன விஷயத்த விட மறைச்சதுதான் கேஸ கெடுக்கும்.

நம்ம தமிழ் பேருக்கு இது ஒரு நல்ல சான்ஸ். அப்பா பேர் இனிஷியலா இருந்து பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தவங்களுக்கு விசாவுல எஃப்என்யூன்னு ('ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்', முதல் பேர் தெரியலன்னு அர்த்தம்) விழுந்து, அது கிரீன் கார்டு வரைக்கும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும், டாக்டர் ஆபீஸ்ல கூட மிஸஸ் எஃப்என்யூன்னு கூப்பிடுவாங்க. என்-400லயே பேர் மாத்த கேக்கலாம், தனி ஃபீஸ் இல்ல. ஆனா ஜட்ஜ் முன்னாடி நடக்குற ஓத்துலதான் அது முடியும், அதனால கொஞ்சம் லேட் ஆகலாம். எனக்கு கேட்டா அந்த லேட்ட தாங்கிக்கலாம்.

ஐ-751 இன்னும் முடியலன்னாலும் என்-400 போடலாம். ரெண்டையும் ஒரே இன்டர்வியூல பாத்துடுறது உண்டு, அப்போ ஸ்பவுஸும் கூட வரணும், ஒரிஜினல் ப்ரூஃப் எல்லாம் கையோட எடுத்துட்டு போங்க.

ஸ்டெப் 6: கைரேகை, இன்டர்வியூ, டெஸ்ட்டு

கைரேகைக்கு கூப்பிட்டா போயிட்டு வாங்க, இல்ல பழசையே எடுத்துக்கிட்டோம்னு லெட்டர் வரும், அவ்ளோதான்.

இன்டர்வியூல ஆபீசர் உண்மைதான் சொல்வேன்னு சத்தியம் வாங்கிட்டு உங்க ஃபார்ம ஒவ்வொரு கேள்வியா கேப்பாரு. நீங்க பதில் சொல்றதுதான் இங்கிலீஷ் பேசுற டெஸ்ட்டு. மூணு வாக்கியத்துல ஒண்ணு சரியா படிக்கணும், மூணுல ஒண்ணு சரியா எழுதணும். சிவிக்ஸ்ல (அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பத்தின கேள்வி) 2025 அக்டோபர் 20 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ ஃபைல் பண்ணவங்களுக்கு புது டெஸ்ட்டு: 128 கேள்வி லிஸ்ட்டு, அதுல 20 வரைக்கும் கேப்பாங்க, 12 சரியா சொன்னா பாஸ். யூடியூப்ல பாதி வீடியோ இன்னும் பழைய 100 கேள்வி, பத்துல ஆறுன்னு சொல்லிட்டு இருக்கும், தேதி பாத்து படிங்க. உங்க ஸ்டேட் கவர்னர், செனட்டர் பேரெல்லாம் அன்னிக்கு யார் இருக்காங்களோ அவங்கள சொல்லணும். நம்ம ஊர் கவர்னர் மாதிரி நெனச்சுக்காதீங்க, இங்க கவர்னர்தான் முதலமைச்சர் மாதிரி, ஓட்டு வாங்கி வர்றவரு. ஃபெயில் ஆனா அந்த பகுதிக்கு மட்டும் 60-ல இருந்து 90 நாளைக்குள்ள இன்னொரு சான்ஸ் தருவாங்க, அதுக்கு தனி ஃபீஸ் கெடையாது.

ஸ்டெப் 7: ஓத், அதுக்கப்புறம் ஓட்டம்

ஓத் எடுத்தாதான் சிட்டிசன், இன்டர்வியூ பாஸ் ஆனது பத்தாது. அங்க கிரீன் கார்ட வாங்கிட்டு சர்டிஃபிகேட் குடுப்பாங்க. எடத்த விட்டு நகர்றதுக்கு முன்னாடி பேரு, பொறந்த தேதி ஸ்பெல்லிங்க எழுத்து எழுத்தா பாருங்க. அடுத்து அமெரிக்க பாஸ்போர்ட், டிஎஸ்-11 ஃபார்ம், புத்தகத்துக்கு 130 டாலர், அப்ளிகேஷன வாங்கிக்கிற எடத்துக்கு 35. ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட அனுப்பணும், முன்னாடியே காப்பி எடுத்துக்கோங்க. சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்லயும் சொல்லி மாத்தணும். கிரீன் கார்டு இருக்குற பதினெட்டு வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்க உங்க கஸ்டடில இங்கயே உங்ககூட இருந்தா அவங்களும் தானாவே சிட்டிசன், அவங்களுக்கு நேரா பாஸ்போர்ட் போடலாம்.

இந்தியாவுல இரட்டைக் குடியுரிமை கெடையாது, ஓத் எடுத்த நிமிஷமே இந்தியன் சிட்டிசன்ஷிப் போயிடுது. இந்திய பாஸ்போர்ட்ல இன்னும் எட்டு வருஷம் இருந்தாலும் அதுல பயணம் பண்ணக்கூடாது. இந்திய தூதரக அப்ளிகேஷன வாங்குற கம்பெனியான விஎஃப்எஸ் வழியா அத சரண்டர் பண்ணி சர்டிஃபிகேட் வாங்கி, அப்புறம் ஓசிஐ (வெளிநாட்டு சிட்டிசன் ஆன இந்திய வம்சாவளிக்கான கார்டு) போடணும். ஓசிஐ இருந்தா விசா இல்லாம போகலாம் வரலாம், வீடு வாங்கலாம், ஆனா ஓட்டு கெடையாது, வயக்காடு புதுசா வாங்க முடியாது, அப்பா சொத்தா வந்தா வச்சுக்கலாம். இலங்கைத் தமிழர்களுக்கு கதை வேற, அங்க இரட்டைக் குடியுரிமைக்கு அப்ளை பண்ணலாம், ஆனா தானா வராது, கேட்டு வாங்கணும்.

கிரீன் கார்ட குடுத்துட்டு பாஸ்போர்ட் வர்ற வரைக்கும் ஊருக்கு போக கையில எதுவும் இருக்காது. அதனால தங்கச்சி கல்யாணம், வளைகாப்புன்னு ஏதாவது வருதுன்னா ஓத் தேதி தெரியுறதுக்கு முன்னாடி டிக்கெட் போடாதீங்க. அர்ஜென்ட்னா பாஸ்போர்ட்ட எக்ஸ்பிடைட் பண்ணுங்க, 60 டாலர் கூட ஆகும், பாஸ்போர்ட் வந்ததும் சரண்டர் வேலைய ஆரம்பிச்சுடுங்க.