ராணுவத்தில் வெடிகுண்டு செயலிழப்பு அதிகாரி ஆவது எப்படி? பிளஸ் டூவிலிருந்து மானேசர் வரை

இந்தக் கேள்வியைக் கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: "வெடிகுண்டு செயலிழப்பு அதிகாரி தேவை" என்று எந்த விளம்பரமும் வராது. அதற்கென்று தனித் தேர்வும் கிடையாது. முதலில் நீங்கள் ராணுவ அதிகாரி ஆக வேண்டும். பிறகு பொறியாளர் படைக்கோ தளவாடப் படைக்கோ போக வேண்டும். அங்கே சில வருடம் வேலை செய்து, பெயர் எடுத்து, சிறப்புப் பயிற்சிக்குத் தேர்வாக வேண்டும். குண்டின் அருகே போவது அதற்கெல்லாம் பிறகுதான். வழி நீளமானது என்பது தெரிந்தால் நடுவில் மனம் தளராது.

இங்கே இந்தியத் தரைப்படையின் வழியை மட்டும் சொல்கிறேன். விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பையைச் சோதிப்பவர்கள் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். அல்லது மாநிலக் காவல்துறையின் வெடிகுண்டு கண்டறியும் பிரிவான பி.டி.டி.எஸ். ஆட்கள். அந்த வழி வேறு.

படி 1: வேலை என்னவென்று புரிந்துகொள்ளுங்கள்

நேரம் ஓடிக்கொண்டிருக்க, சிவப்பு ஒயரா நீல ஒயரா என்று யோசிக்கும் காட்சியை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நிஜ வேலையில் பெரும்பகுதி பழைய வெடிபொருள்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரோடு சண்டை நடந்த மணிப்பூரில் இன்றும் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது குண்டுகள் கிடைக்கின்றன. 2004 செப்டம்பரில் காஜியாபாத் பகுதியில் ஓர் உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த இரும்புக் கழிவில் கலந்திருந்த பீரங்கிக் குண்டு வெடித்து 10 பேர் இறந்தார்கள்.

இரண்டாவது கண்ணிவெடி. 2001-02இல் பாகிஸ்தானுடன் பதற்றம் ஏற்பட்டுப் படை குவித்த ஆபரேஷன் பராக்ரமின்போது மேற்கு எல்லையில் நம் ராணுவம் புதைத்த கண்ணிகளை, பதற்றம் தணிந்த பிறகு நம் ஆட்களே ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. அதில் உயிரும் காலும் இழந்தவர்கள் உண்டு. மூன்றாவதுதான் நாம் செய்தியில் பார்க்கும் ஐ.இ.டி., அதாவது கையில் கிடைத்ததை வைத்துச் செய்யும் குண்டு. செய்தவன் மனதில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து ஊகிக்க வேண்டியிருப்பதால் கடினமானது இதுவே.

படி 2: உள்ளே நுழையும் கதவைத் தேர்ந்தெடுங்கள்

பிளஸ் டூ படிப்பவர் என்றால் தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ. வயது பதினாறரை முதல் பத்தொன்பதரைக்குள், திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும். யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு நடத்துகிறது. கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600, நேர்முகத் தேர்வான எஸ்.எஸ்.பி.க்கு 900 மதிப்பெண். தரைப்படைக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் போதும். 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெண்களும் இந்தத் தேர்வை எழுதுகிறார்கள்.

ஆனால் உங்கள் குறி வெடிகுண்டுப் பிரிவு என்றால் தொழில்நுட்ப வழியை முதலில் யோசியுங்கள் என்பேன். இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 விழுக்காடும் ஜே.இ.இ. மெயின் மதிப்பெண்ணும் இருந்தால் பிளஸ் டூ முடித்தவர்களுக்கான தொழில்நுட்ப வழியான டி.இ.எஸ். நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். பி.இ. முடித்தவர்களுக்கு, 20 முதல் 27 வயதுவரை, நிரந்தரப் பணிக்கான டி.ஜி.சி.யும் குறுகிய காலப் பணிக்கான எஸ்.எஸ்.சி. டெக்கும் இருக்கின்றன. பொறியியல் படித்தவருக்குப் பொறியாளர் படை கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கலைக் கல்லூரிப் பட்டதாரிகளுக்கு சி.டி.எஸ். தேர்வு இருக்கிறது. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் எழுதுவதென்றால் கணிதத் தாள் கிடையாது. என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் வாங்கியவர்கள் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகும் வழியும் உண்டு, கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் தயவுசெய்து சேருங்கள்.

படி 3: எஸ்.எஸ்.பி.

நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஐந்து நாள் நடக்கும். முதல் நாளே வடிகட்டல். தேறாதவர்கள் அன்று மாலையே ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அடுத்து உளவியல் தேர்வுகள். ஒரு சொல் திரையில் வரும். 15 நொடியில் மனதில் பட்டதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். இப்படி 60 சொற்கள். பிறகு 60 சூழ்நிலைகள், அரை மணி நேரம். "இரவில் தனியாகப் போகிறாய், பாலம் உடைந்திருக்கிறது..." என்று பாதியில் நிற்கும், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று முடிக்க வேண்டும்.

கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்த விடைகள் இங்கே எடுபடாது. அதே ஆளை உளவியலாளர் எழுத்தில் பார்க்கிறார், குழுப் பயிற்சிகளை நடத்தும் ஜி.டி.ஓ. மைதானத்தில் பார்க்கிறார், நேர்காணல் அதிகாரி பேச்சில் பார்க்கிறார். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வெடிகுண்டு வேலைக்குத் தேவையான குணங்களும் இங்கேயே தெரிந்துவிடுகின்றன: அவசரப்படாமல் யோசிப்பது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, கூட இருப்பவனின் உயிரைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வது.

ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று பலர் பயப்படுகிறார்கள். இலக்கணப் பிழை ஒன்றிரண்டு வந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் குழு விவாதத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் உங்களை மதிப்பிட அவர்களுக்கு எதுவுமே இல்லை. தினமும் செய்தித்தாளில் ஒரு செய்தியைப் படித்து மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் உரக்கப் பேசிப் பழகுங்கள்.

அதன்பின் மருத்துவப் பரிசோதனை. கண், காது, நிறம் பிரித்தறிதல் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நிறக்குறைபாடு இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

படி 4: அகாடமி, பிறகு சாப்பர்

நுழைந்த வழியைப் பொறுத்துப் பயிற்சி டேராடூன், சென்னை போன்ற இடங்களில் நடக்கும். முடிவில் எந்தப் படைப்பிரிவு வேண்டும் என்று உங்கள் விருப்பத்தைக் கேட்பார்கள். தகுதி வரிசை, காலியிடம், படிப்பு எல்லாம் பார்த்து ஒதுக்குவார்கள். 'கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ்' என்று முதலில் எழுதுங்கள்.

பொறியாளர் படை வீரர்களைத்தான் 'சாப்பர்' என்கிறோம். அந்தப் படையில் மூன்று குழுக்கள்: ரூர்க்கியில் பெங்கால் சாப்பர்ஸ், புனே கிர்க்கியில் பாம்பே சாப்பர்ஸ், பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ். 1780இல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸை ராணுவத்தில் இன்றும் 'தம்பி' என்றுதான் அழைக்கிறார்கள். 1944இல் இத்தாலியின் மிஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சுபேதார் சுப்ரமணியன் இந்தப் படைக்காரர். ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி புனே தாபோடியில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரியான சி.எம்.இ.யில் நடக்கும். பாலம் போடுவது, கண்ணி புதைப்பது, அகற்றுவது, தகர்ப்பது எல்லாம் பாடத்தில் வரும். பிறகு ரெஜிமென்ட்டில் பிளட்டூன் எனப்படும் ஒரு சிறு வீரர் குழு உங்கள் கையில். அங்கே சிப்பாயிலிருந்து உயர்ந்து வந்த, அனுபவமுள்ள ஜே.சி.ஓ. சாகிப்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். மண்ணைப் பார்த்தே சமீபத்தில் தோண்டியதா இல்லையா என்று சொல்லும் கண் அவர்களுக்கு உண்டு.

வெடிபொருளின் வேதியியல், சேமிப்பு, காலாவதி ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் தளவாடப் படை பொருந்தும். அவர்களுக்கான பயிற்சி ஜபல்பூரில்.

படி 5: சிறப்புப் பயிற்சி

இங்கேதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. வெடிபொருள் வகைகள், வெடிப்பைத் தூண்டும் ஃபியூஸ்கள், மின்சுற்று, எக்ஸ்-ரே படம் வாசிப்பது என்று வகுப்பறையிலேயே நிறைய நேரம் போகும். பிறகு உடை. பாம் சூட் சுமார் 35 கிலோ இருக்கும். கழுத்துப்பட்டை நிமிர்ந்து நிற்பதால் குனிந்து தன் காலையே பார்க்க முடியாது. ஹெல்மெட்டுக்குள் சின்ன விசிறி ஓடாவிட்டால் மூச்சுக்காற்றிலேயே கண்ணாடி மங்கிவிடும். இவ்வளவு கவசத்திலும் கை மட்டும் வெறுங்கையாக இருக்கும், ஏனென்றால் விரல் நுனிக்கு உணர்வு வேண்டும். வெயிலில் இதைப் போட்டு நடந்து, மண்டியிட்டு, வியர்வை கண்ணில் இறங்கும்போது நுணுக்கமான கைவேலை செய்து காட்ட வேண்டும். ஓட்டப் பந்தய வீரனைவிட, சுமை தூக்கி மெதுவாக நீண்ட நேரம் உழைப்பவனின் உடல்தான் இங்கே உதவும்.

அடிப்படை விதி ஒன்று எல்லாப் பயிற்சியிலும் திரும்பத் திரும்ப வரும்: முடிந்தவரை கை வைக்காதே. முதலில் மக்களை வெளியேற்று. பிறகு ரோபோவை அனுப்பு. புனேயில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய 'தக்‌ஷ்' மாடிப்படி ஏறும், எக்ஸ்-ரே எடுக்கும், அதிவேக நீரைப் பாய்ச்சிக் குண்டின் சுற்றைச் சிதைக்கும். வேறு வழியே இல்லாதபோதுதான் மனிதன் போவான், அதுவும் ஒருவன் மட்டும்.

இந்தத் துறையில் மேலும் போக விரும்புபவர்கள் அயல்பணியாக ஹரியானா மானேசரில் உள்ள, பயங்கரவாத எதிர்ப்புப் படையான என்.எஸ்.ஜி.க்குப் போகலாம். தேசிய வெடிகுண்டுத் தரவு மையம் அங்கேதான் இருக்கிறது. நாட்டில் எங்கே குண்டு வெடித்தாலும் கிடைத்தாலும் அதன் விவரம் அங்கே ஆராயப்படுகிறது. எனவே ஒழுங்காக அறிக்கை எழுதத் தெரிந்த அதிகாரிக்கு இங்கே தனி மதிப்பு. உங்கள் அறிக்கையில் இருக்கும் ஒரு வரி வேறு மாநிலத்தில் இன்னொருவர் கையைக் காப்பாற்றலாம்.

ஆபத்தை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தில், கொல்லப்பட்ட பயங்கரவாதியின் உடலைக் கையாளும்போது கையெறி குண்டு வெடித்து இறந்த லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன், என்.எஸ்.ஜி.யின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவைச் சேர்ந்தவர். வீட்டில் அப்பா அம்மாவிடம் இதையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும்.

இன்றே தொடங்க வேண்டியவை

மின்னணுவியலை அடிப்படையிலிருந்து படியுங்கள். பேட்டரி, சுவிட்ச், ரிலே, சென்சார் வைத்துச் சின்னச் சுற்றுகள் செய்து சால்டரிங் பழகுங்கள். பையில் 10 கிலோ போட்டு வாரத்தில் மூன்று நாள் நடங்கள். மூட்டு பழகப் பழக எடையைக் கூட்டலாம். பட்டாசு மருந்தைப் பிரித்துப் பார்ப்பது, இணையத்தில் குண்டு செய்முறை தேடுவது ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். கையும் போகும், வழக்கும் வரும். சேரும்போது நடக்கும் போலீஸ் விசாரணையில் அந்த வழக்கே கதவை அடைத்துவிடும்.

அதிகாரித் தேர்வில் தேறாமல் போய்விடுமோ என்று கவலைப்படுபவர்கள் சிப்பாயாகச் சேர்ந்தாலும் சாப்பர் ஆகலாம்; 2022 முதல் அது நான்கு வருட அக்னிவீர் பணியாகத்தான் தொடங்குகிறது. நிரந்தரச் சிப்பாயானவர்கள் பணியிலிருந்தபடியே டேராடூனில் உள்ள ஆர்மி கேடட் காலேஜ் வழியாக அதிகாரியாக உயர இடம் இருக்கிறது. என்.டி.ஏ., சி.டி.எஸ். அறிவிப்புகள் யு.பி.எஸ்.சி. தளத்திலும், டி.இ.எஸ்., டி.ஜி.சி., எஸ்.எஸ்.சி. டெக், என்.சி.சி. நுழைவுகள் 'ஜாயின் இந்தியன் ஆர்மி' தளத்திலும் வரும். வயது வரம்பு பிறந்த தேதியை வைத்து அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். விண்ணப்பத்தை நிரப்பும் முன் அந்த ஒரு பத்தியை இரண்டு முறை படியுங்கள்.