இலவசமா மரவேலை பிளான் போடப் போறீங்களா, இதையெல்லாம் சரிபார்த்துட்டுப் போடுங்க

வீட்டுக்குன்னு ஒரு புக் ஷெல்ஃபோ ஷூ ரேக்கோ நீங்களே செஞ்சிருக்கீங்க, நல்லா வந்திருக்கு, இதோட அளவெல்லாம் மத்தவங்களும் எடுத்துக்கட்டும்னு நெட்ல இலவசமா போடலாம்னு இருக்கீங்க. ரொம்ப நல்ல விஷயம், கண்டிப்பா போடுங்க. ஆனா பிளான்தான் இலவசம், அதைப் பார்த்து செய்யுறவருக்கு பலகை இலவசம் இல்ல, ஸ்க்ரூ இலவசம் இல்ல, அவரோட லீவு நாளும் இலவசம் இல்ல. நீங்க 764னு போட வேண்டிய இடத்துல 746னு போட்டுட்டா அங்க ஒரு நல்ல பலகை வீணாப் போச்சு, வெட்டின மரத்தை திரும்ப நீளமாக்க யாராலயும் முடியாது. இலவச பிளானைத் தேடி வர்றதுல பாதிப்பேர் இப்பத்தான் ரம்பத்தைக் கையில எடுத்தவங்களா இருப்பாங்க, அளவு சேரலன்னா தப்பு பிளான்லயா தன் கையிலயான்னு அவங்களுக்குத் தெரியாது, நமக்கெல்லாம் இது வராதுன்னு ஓரமா வெச்சுட்டுப் போயிடுவாங்க. அதனால காசுக்கு விக்கிற பிளானை விட இலவச பிளானுக்குத்தான் கவனம் அதிகமா வேணும்ங்கிறது என் கருத்து.

முதல் விஷயம், செஞ்சு பார்க்காத பிளானைப் போடாதீங்க. கம்ப்யூட்டர்ல அழகா 3டி படம் வரைஞ்சு அப்படியே போட்டுடுறது இப்போ நிறைய நடக்குது. திரையில எல்லாப் பலகையும் நேரா இருக்கும், எல்லா மூலையும் 90 டிகிரியா இருக்கும், ஸ்க்ரூ எந்த இடத்துலயும் போகும். நிஜத்துல டிரில் மெஷின் அந்த மூலைக்குள்ள நுழையாது, ஒரு பக்கத்துல போட்ட ஸ்க்ரூ இன்னொரு பக்கத்து ஸ்க்ரூ மேலயே போய் முட்டும், பசை காயுற வரைக்கும் பலகையை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் மாட்ட இடம் இருக்காது. கையால செஞ்சவருக்குத்தான் இதெல்லாம் தெரியும், பிளான்ல எழுத வேண்டியதே அதைத்தான். செஞ்சு முடிச்சதும் இன்ச் டேப்பை எடுத்து பொருளையே மறுபடி முழுசா அளந்து பாருங்க, ஏன்னா வேலை நடக்கும்போது நாம ரெண்டு மில்லி இங்க, அஞ்சு மில்லி அங்கன்னு மாத்தியிருப்போம், முதல்ல வரைஞ்ச பேப்பர்ல அது ஏறியிருக்காது.

இப்போ அளவுக்கு வருவோம், பிளான்ல பாதி பிரச்சனை இதுலதான் வருது. கடையில சொல்ற அளவு வேற, கையில வர்ற அளவு வேற. வட அமெரிக்கால 2×4னு சொல்ற கட்டை உண்மையில ஒன்றரை இன்ச்சுக்கு மூன்றரை இன்ச், அதாவது 38க்கு 89 மில்லிமீட்டர்தான் இருக்கும். நீங்க வெறும் 2×4னு எழுதிட்டுப் போயிட்டா, வேற நாட்டுல இருக்கிறவர் முழு 2 இன்ச்சுக்கு 4 இன்ச் கட்டையை அறுத்து வாங்கிட்டு வருவாரு, அப்புறம் எதுவுமே எதோடயும் சேராது. அதனால கடைப்பேரையும் போடுங்க, பக்கத்துலயே உண்மையான கனத்தையும் அகலத்தையும் போடுங்க. பிளைவுட்டும் அப்படித்தான், 18 மில்லின்னு வாங்குறது 17.5 கூட இருக்கும். வெளி அகலம் 800 இருக்குற ஷெல்ஃபுக்கு ரெண்டு பக்கமும் 18 கழிச்சா நடுத்தட்டு 764, ஆனா பலகை 17.5ஆ இருந்தா அதே தட்டு 765 வேணும். ஒரு மில்லிதானேன்னு தோணும், ஆனா காடி, அதாவது பலகை உட்கார்ற பள்ளம், எடுத்து பலகையை சொருகுற வேலையில பள்ளத்தோட அகலம் அரை மில்லி கூடினாலே பலகை ஆடும், அரை மில்லி குறைஞ்சா உள்ளயே போகாது. இதுக்கு ஒரே வழி, பிளான்லயே ஒரு வரி எழுதிடுறது: முதல்ல உங்க பலகையோட கனத்தை அளந்து பாருங்க, பக்கப் பலகைகளை நிறுத்தினதுக்கு அப்புறம் நடுத்தட்டோட நீளத்தை அங்கயே அளந்து வெட்டுங்க.

அடுத்தது பிளேடு தின்னுற கனம், இதை மறந்துட்டு போட்ட கட்டிங் லிஸ்ட், அதாவது எந்தத் துண்டை எந்த அளவுல வெட்டணும்ங்கிற பட்டியல், நிறைய உலாவிட்டு இருக்கு. 2440 நீளமுள்ள ஷீட்டை நாலா வெட்டினா ஆளுக்கு 610னு கணக்கு சொல்லும், ஆனா நாலு துண்டுக்கு மூணு வெட்டு போகணும், ஒவ்வொரு வெட்டுலயும் சுமார் 3 மில்லி தூளாப் போனா மொத்தம் 9 மில்லி காணோம், கடைசி துண்டு 601தான் வரும். நாலும் சமமா வேணும்னா ஒவ்வொண்ணும் 607தான், டிசைனையே அதுக்கேத்த மாதிரி கொஞ்சம் சின்னதாக்கிட்டா அடுத்தவர் ரெண்டாவது ஷீட் வாங்க வேண்டியிருக்காது. கட்டிங் லிஸ்ட்டோட ஒரு ஷீட் படமும் வரைஞ்சு எந்தத் துண்டு எங்க வருது, எந்த வெட்டு முதல்லன்னு காட்டிடுங்க, வெட்டின கோட்டோட கனமா எவ்வளவு எடுத்திருக்கீங்கன்னும் எழுதிடுங்க.

மில்லிமீட்டரா இன்ச்சா, ஏதாவது ஒண்ணுல நில்லுங்க. ஒரு இன்ச் 25.4 மில்லி, அதை கால்குலேட்டர்ல தட்டி 24 இன்ச்சுக்கு 609.6னு போட்டா டேப்ல யாரும் அதைக் குறிக்க முடியாது. ரெண்டு அளவுலயும் குடுக்கணும்னு ஆசை இருந்தா ரெண்டு தனி பிளானா போடுங்க, மெட்ரிக்ல 600னு ரவுண்டா எடுத்து எல்லாத் துண்டையும் முதல்ல இருந்து திரும்ப கணக்குப் போடுங்க, ஒரே பக்கத்துல ரெண்டையும் கலந்து வெச்சா ஒருத்தர் இதுல பாதி அதுல பாதி எடுத்துடுவாரு.

வரைபடத்துக்கு பெரிய சாஃப்ட்வேர் எல்லாம் கட்டாயம் இல்ல. ஃப்ரீகேட் இலவசம், ஸ்கெட்ச்அப்புக்கும் பிரவுசர்லயே ஓடுற இலவச வெர்ஷன் இருக்கு, ஒண்ணுமே தெரியலன்னா கிராஃப் பேப்பர்ல ஸ்கேல் வெச்சு தெளிவா வரைஞ்சு போட்டோ எடுத்துப் போட்டாலும் போதும். முன்பக்கம், பக்கவாட்டு, மேல இருந்து பார்க்குறதுன்னு மூணு பார்வை வேணும், அதோட எல்லாத் துண்டையும் பிரிச்சு காத்துல மிதக்குற மாதிரி ஒரு படம் இருந்தா எது எதுக்குள்ள போகுதுன்னு பாஷையே இல்லாம புரிஞ்சிடும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எழுத்து குடுங்க, அ, ஆ, இ எதுவா வேணா இருக்கட்டும், படத்துலயும் கட்டிங் லிஸ்ட்லயும் செய்முறையிலயும் அதே எழுத்து வரணும். மர ரேகை எந்தப் பக்கம் ஓடணும்னு ஒரு அம்புக்குறி, தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க, ரேகைக்குக் குறுக்க வெட்டின நீளத் துண்டு பாரம் ஏறினா டக்குன்னு ஒடியும்.

டூல்ஸ் லிஸ்ட் போடும்போது நம்மகிட்ட இருக்குற மெஷின் எல்லார்கிட்டயும் இருக்கும்னு நினைச்சு எழுதாதீங்க. கட்டாயம் வேணுங்கிறது தனியா, இருந்தா வேலை சுலபம்ங்கிறது தனியா. டேபிள் சா (மேஜையில பொருத்தின மெஷின் ரம்பம்) இல்லாதவர் கைரம்பத்துல இதைச் செய்யலாமா, கடையிலயே வெட்டி வாங்கிக்கலாமா, பலகைகளை இணைக்க ஓட்டைக்குள்ள சொருகுற டோவல் மரக்குச்சிக்கு பதிலா ஸ்க்ரூவும் பசையும் போதுமான்னு ஒரு வரி சொன்னா எத்தனையோ பேருக்கு கதவு திறக்கும். ஸ்க்ரூன்னா வெறும் ஸ்க்ரூன்னு விடாம நீளம், தடிமன், எத்தனை, முன்னாடி எவ்வளவு தடிமன் பிட்ல ஓட்டை போடணும் எல்லாம் எழுதுங்க, ஓரத்துல ஓட்டை போடாம ஸ்க்ரூ ஏத்தினா பலகை பிளந்துடும்.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது அடுத்ததுதான், இதை எழுதுறவங்க ரொம்பக் குறைவு. எதை மாத்தலாம், எதை மாத்தக்கூடாது? யாருமே உங்க பிளானை அப்படியே செய்ய மாட்டாங்க, அவங்க சுவத்துக்கு ஏத்த மாதிரி நீட்டுவாங்க, குறைப்பாங்க. ஷெல்ஃபோட உயரத்தை மாத்தினா பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா தட்டோட நீளத்தை ரெண்டு மடங்காக்கினா நடுவுல வெச்ச அதே எடைக்கு தட்டு எட்டு மடங்கு தொய்யும். நீளம் கூட புத்தகமும் கூட அடுக்கினா அது இன்னும் மோசம், பதினாறு மடங்கு. அதே சமயம் கனத்தை ரெண்டு மடங்காக்கினா தொய்வு எட்டுல ஒரு பங்கா குறையும். அதனால தட்டை இதுக்கு மேல நீட்டணும்னா நடுவுல ஒரு தாங்கல் குடுங்க, இல்ல முன்ஓரத்துல ஒரு கட்டையை செங்குத்தா ஒட்டுங்கன்னு எழுதணும். பிளைவுட்டுக்கு பதிலா கெட்டி மரம் போடலாமான்னும் கேப்பாங்க. கெட்டி மரம் ஈரக் காத்துல அகலவாக்குல விரியும், வறண்டா சுருங்கும், 600 மில்லி அகல டேபிள் டாப்ல இது சில மில்லிமீட்டர் வரைக்கும் வரும், நீளவாக்குல கிட்டத்தட்ட எதுவும் ஆகாது. பிளைவுட்ல அடுக்குகள் மாத்தி மாத்தி குறுக்கா ஒட்டியிருக்கிறதால இந்தத் தொல்லை இல்ல. பிளைவுட்டுக்குன்னு போட்ட பிளான்ல கெட்டி மரத்தை வெச்சு நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கிட்டா ஒருநாள் நடுவுல பிளந்துக்கும். நீளமான ஓட்டை போட்டு மரம் நகர இடம் விட்டு ஸ்க்ரூ போடுங்கன்னு காரணத்தோட சொல்லிட்டீங்கன்னா படிக்கிறவர் அடுத்து தானே டிசைன் பண்ற பொருள்லயும் அதைப் பயன்படுத்துவாரு.

ஆபத்து பத்தின விஷயத்தை கடைசி பக்கத்துல சின்ன எழுத்துல போடாதீங்க, எந்த ஸ்டெப்ல வருதோ அங்கயே போடுங்க. உயரமான அலமாரி, டிராயர் வெச்ச பொருள் எதுவா இருந்தாலும் சுவரோட பிடிச்சு வைக்கிறது பிளானோட ஒரு ஸ்டெப்பாவே இருக்கணும், குழந்தைங்க டிராயரைப் படிக்கட்டு மாதிரி மிதிச்சு ஏறுவாங்க, மொத்தமும் அவங்க மேலயே சாயும். சுவத்துல ஓட்டை போடுற வேலைன்னா உள்ள வயரும் பைப்பும் எங்க ஓடுதுன்னு பார்க்கச் சொல்லுங்க, சுவரையே இடிக்கிற வேலைன்னா அது பாரம் தாங்குற சுவரான்னு தெரிஞ்சவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்க, அதுக்கு இலவச பிளான் போட நமக்கு யாருக்கும் தகுதி இல்ல. தொட்டிலும் அப்படித்தான். அமெரிக்கால தொட்டில் கம்பிகளுக்கு நடுவுல சுமார் 60 மில்லிக்கு மேல இடைவெளி இருக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, இந்த மாதிரி விதியெல்லாம் படிச்சு அதுக்குள்ள டிசைன் பண்ணலன்னா தொட்டில் பிளானைப் போடாம இருக்கிறதே நல்லது. உப்புத்தாள் போடுற ஸ்டெப்ல மாஸ்க்னு எழுதுங்க, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லயே மரத்தூசியை புற்றுநோய் வரவைக்கிற பொருட்கள் லிஸ்ட்ல சேர்த்திருக்கு. ஆளிவிதை எண்ணெய் பூசச் சொல்லியிருந்தா, துடைச்ச துணியை சுருட்டி மூலையில போடாம விரிச்சுக் காயப்போடச் சொல்லணும், சுருட்டி வெச்ச துணி தானா சூடாகி தீப்பிடிக்கும், இது நிஜமாவே நடக்குறது.

எல்லாம் எழுதி முடிச்சா உடனே போட்டுடாதீங்க. அந்தப் பொருளைப் பார்க்காத ஒருத்தர்கிட்ட பேப்பரை மட்டும் குடுத்து செய்யச் சொல்லுங்க, பக்கத்துல நின்னு வாயைத் திறக்காதீங்க. அவர் எங்க நின்னு யோசிக்கிறாரோ அங்க ஒரு வரி குறையுது, எங்க உங்க முகத்தைப் பார்க்குறாரோ அங்க ஒரு படம் குறையுது. முழுசா செய்ய ஆள் கிடைக்கலன்னா அட்டையில சின்ன மாடலாவது வெட்டி ஒட்டச் சொல்லலாம்.

ஃபைல் விஷயம். பிடிஎஃப்தான் எல்லா போன்லயும் திறக்கும், போட்டோவை சுருக்கிப் போடுங்க, நெட் ஸ்லோவா இருக்கிறவங்களும் இறக்கணும். ஒட்டி வெட்டுற மாதிரி முழு அளவு டெம்ப்ளேட் இருந்தா அந்தப் பக்கத்துல 100 மில்லிக்கு ஒரு கோடு போட்டு, பிரிண்ட் எடுத்ததும் இதை முதல்ல அளங்கன்னு எழுதிடுங்க. ஏ4 பேப்பர் 210க்கு 297 மில்லி, அமெரிக்கால புழங்குற லெட்டர் பேப்பர் 216க்கு 279, ஏ4ல போட்ட பக்கத்தை லெட்டர் பேப்பர்ல எடுக்கும்போது பிரிண்டர் பக்கத்துக்குப் பொருத்துறேன்னு சுருக்கிட்டா அந்தக் கோடு 94 கூட வராது, வளைவு எல்லாம் தப்பாயிடும். செட்டிங்ல 100 சதவீதம்னு வைக்கச் சொல்லுங்க. பிடிஎஃப்போட ஒரிஜினல் டிசைன் ஃபைலையும் சேர்த்துக் குடுத்தா மாத்த நினைக்கிறவர் முதல்ல இருந்து வரைய வேண்டாம்.

யாரு என்ன பண்ணலாம்னு தெளிவா எழுதணும், இலவசம்னு மட்டும் போட்டா அர்த்தம் ஆளுக்கு ஆள் மாறும். 1974ல இத்தாலி டிசைனர் என்சோ மாரி பலகையும் ஆணியும் மட்டும் வெச்சு செய்யுற 19 ஃபர்னிச்சருக்கு பிளான் வரைஞ்சு, தபால் செலவை மட்டும் அனுப்புறவங்களுக்கு இலவசமா குடுத்தாரு, ஃபேக்டரியும் வியாபாரியும் தவிர யார் வேணா செஞ்சுக்கலாம்னு அப்பவே எழுதியும் வெச்சாரு. இப்போ அதுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் இருக்கு, முதல் லைசென்ஸ் 2002ல வந்துச்சு. பேர் போட்டா போதும்னு ஒரு வகை, மாத்தினதையும் இதே மாதிரி திறந்து விடணும்னு ஒரு வகை, வியாபாரத்துக்கு கூடாதுன்னு ஒரு வகை. ஆனா லைசென்ஸ் உங்க வரைபடத்துக்கும் எழுத்துக்கும்தான், அதைப் பார்த்து செஞ்ச ஷெல்ஃபை ஒருத்தர் விக்கலாமாங்கிறது அதுல தெளிவா வராது, அதனால அதையும் சாதாரண வார்த்தையில எழுதிடுங்க. கையால செஞ்சு ஒண்ணு ரெண்டு விக்கிற சின்ன கார்பென்டருக்கு அனுமதி குடுங்கன்னுதான் நான் கேட்டுக்குவேன். இன்னொருத்தர் பிளானைப் பார்த்து செஞ்சிருந்தா அவர் படத்தை எடுத்து உங்க பேர்ல போடாதீங்க, நீங்களே புதுசா வரைஞ்சு, ஐடியா எங்க இருந்து வந்துச்சுன்னு பேர் சொல்லுங்க.

போட்டதுக்கு அப்புறம் யாராவது இந்த அளவு இடிக்குதுன்னு சொன்னா அன்னைக்கே டேப்பை எடுத்து சரிபாருங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் வெர்ஷன் நம்பரும் தேதியும் இருக்கட்டும், முதல் பக்கத்துல என்ன மாறிச்சுன்னு துண்டோட எழுத்தைச் சொல்லி எழுதுங்க, "வெர்ஷன் 2: இ துண்டு 746 இல்ல, 764". பழைய ஃபைலை எடுத்துட்டு அதே லிங்க்ல புதுசை ஏத்துங்க, இல்லன்னா ஏற்கனவே லிங்க்கை சேவ் பண்ணி வெச்சிருக்கிறவர் தப்பான அளவுலயே வெட்டுவாரு.